புங்க எண்ணெயில் ஓடும் பட்டம்

கிர்லோஸ்கர் டிவி-1. ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், 661 சிசி, நிமிடத்துக்கு 1,500 சுற்று, 5.2 கிலோவாட். இந்த நாட்டின் மெக்கானிக்கல் எம்.டெக் படிப்பு மொத்தமும் இந்த ஒரே எஞ்சினின் முதுகில்தான் சவாரி செய்கிறது என்று சொன்னால், தெரியாதவர்கள் நான் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். தெரிந்தவர்கள், "மொத்தமும் இல்லை சார், பாதி. மீதிப் பாதி அலுமினியம் 6061" என்று திருத்துவார்கள்.

தண்ணீர் இறைக்கவும் ஜெனரேட்டர் சுற்றவும் பிறந்த எஞ்சின் அது. போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்ததோ, கல்லூரியில் வந்து மாட்டிக்கொண்டது. புங்கம், காட்டாமணக்கு, வேம்பு, இலுப்பை, புன்னை, பருத்தி விதை, ரப்பர் விதை, மீன் எண்ணெய், கோழிக் கொழுப்பு, ஓட்டலில் வடை சுட்டு மிஞ்சிய கறுப்பு எண்ணெய் என்று அதன் வாயில் ஊற்றாதது எதுவும் இல்லை. ஊற்றி முடித்ததும் எம்.டெக் மாணவர் ஓர் ஆய்வேடு எழுதுகிறார். முடிவுரை எல்லா ஆய்வேட்டிலும் ஒன்றுதான்: டீசலில் 20 சதவீதம் கலந்தால் உத்தமம்; வெப்பத் திறன் டீசலைவிட ஒரு மயிரிழை குறைவு; புகை குறைகிறது; நைட்ரஜன் ஆக்சைடு கொஞ்சம் ஏறுகிறது. வேண்டுமானால் நானே நூறு பிரதி அச்சடித்துத் தருகிறேன். மரத்தின் பெயர் வரும் இடத்தை மட்டும் காலியாக விட்டுவிடுகிறேன்.

தாவர எண்ணெயில் டீசல் எஞ்சின் ஓடுமா என்ற கேள்விக்கு 1900-லேயே பாரிஸ் கண்காட்சியில் பதில் சொல்லியாகிவிட்டது. நிலக்கடலை எண்ணெயை ஊற்றினார்கள், ஓடியது. நூற்றிருபத்தைந்து வருடமாக நாம் அதே கேள்வியை எண்ணெய் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், எஞ்சினும் சலிக்காமல் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் பொறுமைக்கே ஒரு கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்கலாம்.

அரசாங்கத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். 2009-ல் மத்திய அரசு உயிரி எரிபொருள் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலந்துவிடுவோம் என்று அதில் இலக்கு வைத்தார்கள். 2017 வந்தது, போனது. 2018-ல் புதுக் கொள்கை வந்தபோது இலக்கு 5 சதவீதமாகச் சுருங்கி 2030-க்கு நகர்ந்தது. பெட்ரோல் பங்கில் நிஜமாகக் கலந்தது ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இந்தியாவில் அந்த 20 சதவீத இலக்கை நூற்றுக்கு நூறு நிறைவேற்றிய துறை ஒன்றே ஒன்றுதான்: எம்.டெக் ஆய்வேடு. வருடம் தவறாமல், பல்கலைக்கழகம் தவறாமல், பி-20, பி-20, பி-20.

மைசூரில் ஒரு தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம், பெயரைச் சொன்னால் மற்ற கல்லூரிகள் தாங்கள் யோக்கியம் என்று நினைத்துக்கொள்ளும். அங்கே வெப்பப் பொறியியல் ஆய்வகத்தில் ஒரு நாள் நின்றேன். பெயின்ட் உரிந்த எஞ்சின். பக்கத்தில் கண்ணாடி ப்யூரெட். டீசல் டேங்க் வால்வை மூடி, ப்யூரெட்டிலிருந்து 10 சிசி எண்ணெய் இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று செல்போன் ஸ்டாப்வாட்ச்சில் பார்க்க வேண்டும். சுமையைப் பூஜ்யம், 25, 50, 75, 100 சதவீதம் என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். பையன் கொள்ளேகாலத்துத் தமிழ்ப் பையன். 1956 வரைக்கும் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்த ஊர். அப்பா ஒரு பட்டுக் கடையில் கணக்கெழுதுகிறவர். 50 சதவீதச் சுமை வரைக்கும் ஒழுங்காக வாசிப்பு எடுத்தான். அப்புறம் கரண்ட் போனது. வந்ததும் மறுபடி ஓட்டுவான் என்று நான் நின்றால், அவன் நோட்டை மூடிவிட்டுக் கிளம்புகிறான்.

"மீதி?"

"எக்செல் இருக்கே சார். ட்ரெண்ட்லைன் போட்டா கோடு தானா மேல போகும். ஓட்டிப் பாத்தாத்தான் பிரச்சனை, புள்ளி அங்கங்க சிதறும். கைடு திட்டுவாரு, கர்வ் ஸ்மூத்தா இல்லைன்னு."

எஞ்சினுக்குப் பின்னால் எண்ணெய்த் துணியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆய்வக உதவியாளர். ஐ.டி.ஐ. படித்தவர். பையன்கள் 'அண்ணா' என்று கூப்பிடுகிறார்கள். புகையை ஒரு மூச்சு இழுத்துவிட்டு, இன்ஜெக்டர் போய்விட்டது, மூன்று மாதமாக எழுதிக் கொடுத்துவிட்டேன், யாரும் மாற்றவில்லை என்றார். ஆக, அந்த வருடம் அந்த ஆய்வகத்திலிருந்து வெளியான முடிவுகள் அனைத்தும் புங்க எண்ணெயைப் பற்றியவை என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது; உண்மையில் அவை பழுதான இன்ஜெக்டரைப் பற்றியவை. அந்த மனிதர் கன்னடத்தில் கேட்டார்: "இது எஷ்டனே ஹொங்கெ சார்?" எத்தனையாவது புங்கம் இது. அந்தக் கட்டடத்தில் அன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே ஆராய்ச்சிக் கேள்வி அதுதான். கேட்டவருக்குச் சம்பளம்தான் அங்கே எல்லாரையும்விடக் குறைவு.

அலுமினியக் கோஷ்டியை விட்டுவிடக் கூடாது. 6061 உலோகக் கலவையை உருக்கி, சிலிக்கன் கார்பைடையோ சாம்பலையோ தேங்காய் ஓட்டுக் கரியையோ 2, 4, 6, 8 சதவீதம் போட்டுக் கிளறுவார்கள். இதற்கு ஸ்டிர் காஸ்டிங் என்று பெயர். கடினத்தன்மை 6 சதவீதம் வரை ஏறும், எட்டில் இறங்கும். இறங்காவிட்டால் இறக்கிவிடுவார்கள், வரைபடத்துக்கு ஒரு உச்சி வேண்டுமே. பிறகு டாகுச்சி. கெனிச்சி டாகுச்சி என்ற ஜப்பானியர், தொழிற்சாலையில் சோதனைச் செலவு குறையட்டும் என்று, 27 சோதனை செய்ய வேண்டிய இடத்தில் ஒன்பதே போதும்படி அட்டவணை போட்டுக் கொடுத்தார். நம்மவர்கள் அவருக்கே பாடம் எடுத்தார்கள்: அந்த ஒன்பதில் மூன்றைச் செய்தால் போதும், மீதி ஆறை மினிடாப் மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கண்டுபிடிப்புகளை உலகம் அறிய வேண்டாமா? அதற்குத்தான் 'சர்வதேச' ஆய்விதழ்கள். காசு கட்டினால் இரண்டே நாளில் நிபுணர் குழு பரிசீலித்து, ஒரு காற்புள்ளிகூட மாற்றாமல் ஏற்றுக்கொள்ளும். எந்தத் தேசங்களுக்கு இடையே அது சர்வதேசம் என்று கேட்டால், ஆசிரியர் குழுவில் பெயர் போட்டிருக்கும் பாதிப் பேருக்குத் தாங்கள் அதில் இருப்பதே தெரியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதம் தன் சொந்தப் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை நீக்கியது. அதுவரைக்கும் அவை அங்கீகாரம் பெற்ற அறிவு. மறுநாள் காலையில் குப்பை. அப்புறம் 'கேர்' என்று ஒரு புதுப் பட்டியல் போட்டார்கள். 2025 பிப்ரவரியில் அதையும் எடுத்துவிட்டு, கல்லூரிகளே நல்லது கெட்டது பார்த்துக்கொள்ளட்டும் என்று கையைக் கழுவினார்கள். திருட்டைத் தடுக்கும் விதியும் 2018-லேயே வந்தது: பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை கிடையாது. 'நைட்ரஜன் ஆக்சைடு கொஞ்சம் ஏறுகிறது' என்பதைப் 'பெருகுவதற்கான போக்கு தென்படுகிறது' என்று மாற்றி எழுதிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரேட்டு உண்டு. அதற்கு ரசீதும் தருகிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இத்தனை கூத்தும் யாருக்காக? பையனுக்காக என்று நினைத்தால் நீங்கள் இன்னும் வெள்ளந்தி. மெக்கானிக்கல் எம்.டெக் வகுப்பு ஒன்று இருந்தால் தர மதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்டும் கோப்பில் 'முதுகலைப் படிப்பு உண்டு' என்று ஒரு வரி ஏறும். வழிகாட்டியின் பெயர் ஒவ்வொரு கட்டுரையிலும் ஒட்டிக்கொண்டு பதவி உயர்வுக்குப் புள்ளி சேரும். மூன்று லட்சம் கொடுத்து வாங்கிய மென்பொருள் உபயோகத்தில் இருப்பதாகக் கணக்கு எழுதலாம். அரசாங்கத்துக்கு இன்னும் பெரிய லாபம்: வேலையில்லாத ஒரு பட்டதாரி இரண்டு வருடத்துக்கு 'மாணவர்' ஆகிவிடுகிறார். எந்தப் புள்ளிவிவரத்திலும் அவர் முகம் தெரியாது. இத்தனை பேர் பிழைக்க, அந்தக் கொள்ளேகாலத்துக் கணக்குப்பிள்ளை தன் மகனை நேர்ந்துவிட்டிருக்கிறார்.

உதவித்தொகை கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது, 'கேட்' தேர்வில் தேறியவருக்கு மட்டும். மாதம் 12,400 ரூபாய். பத்தாண்டுக்கும் மேலாக அதே 12,400. பிஎச்.டி. மாணவருக்கு இதே காலத்தில் 25,000 என்பது 31,000 ஆகி, 2023-ல் 37,000 ஆனது. எம்.டெக்காரருக்கு மட்டும் அரிசியும் பஸ் டிக்கெட்டும் விலை ஏறவில்லை போலிருக்கிறது. 12,400-ஐ முப்பதால் வகுத்துப் பாருங்கள், நாளைக்கு 413 ரூபாய் வரும். 2025-26-ல் கர்நாடகத்தில் நூறு நாள் வேலைக்குக் கூலி 370. முதுகலைப் பொறியியல் அறிவுக்கு இந்தத் தேசம் கொடுக்கும் விலை, மண்வெட்டி பிடிக்கிறவரைவிட நாளொன்றுக்கு 43 ரூபாய் கூடுதல். அதிலும் மண்வெட்டிக்காரர் வெட்டிய குழியில் மழை பெய்தால் தண்ணீராவது நிற்கும்.

'கேட்' எழுதாமல் மாநில நுழைவுத் தேர்வில் சேர்ந்தவருக்கு அந்த 413-ம் கிடையாது. அவர் கட்டணம் கட்டிப் புங்க எண்ணெய் காய்ச்சுகிறார். சரி, 'கேட்'டில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்? அவர் இந்தப் பக்கமே வர மாட்டார். அதே மதிப்பெண்ணைக் காட்டினால் பி.இ. பட்டத்தோடேயே பொதுத்துறை நிறுவனம் கூப்பிடுகிறது. அடிப்படைச் சம்பளமே 40,000 ரூபாயில் தொடங்கும். அதற்குக் கொஞ்சம் குறைந்தவர் ஐ.ஐ.டி.க்கோ, ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் இருக்கும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸிக்கோ போகிறார். அங்கெல்லாம் நிஜமான ஆய்வு நடக்கிறது, மறுக்கவில்லை. மைசூரிலும் நேர்மையாக வேலை செய்கிற பேராசிரியர்கள் சிலர் எனக்குத் தெரியும். அவர்களை மற்ற பேராசிரியர்கள் 'ஒத்துழைக்காதவர்' என்று சொல்வார்கள்.

கர்நாடகத்தைப் பார்த்துச் சிரிக்கிற தமிழ் வாசகர் கொஞ்சம் பொறுக்கவும். எம்.டெக் முடித்தால் என்ன ஆகலாம்? கல்லூரி உதவிப் பேராசிரியர் ஆகலாம், அதற்கு எம்.டெக் கட்டாயம். ஒரு கட்டத்தில் எம்.டெக் என்பதே அடுத்த எம்.டெக்கை உருவாக்கும் இயந்திரமாகத்தான் இருந்தது. 2018-ல் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ., பதினைந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விதியை இருபதுக்கு ஒருவர் என்று தளர்த்தியது. நான்கு ஆசிரியர் நிற்கும் இடத்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று அதற்கு அர்த்தம். மிச்சம் மூன்று பேராவது இருந்தார்களா என்றால், 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளின் பட்டியலைத் தோண்டியபோது, ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் 'முழுநேரம்' வேலை பார்க்கும் அதிசயம் வெளியே வந்தது. ஒருவர் பதினொரு கல்லூரியில். பல்கலைக்கழகமே விசாரித்து, சுமார் 2,000 பணியிடங்களை 189 பேர் நிரப்பியிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டது. கிருஷ்ண பரமாத்மா பதினாறாயிரம் வீட்டில் இருந்தார் என்று படித்தபோது சிரித்த பகுத்தறிவு பூமி தமிழ்நாடு. அங்கே எம்.டெக், பிஎச்.டி. முடித்தவர்கள் வேலை தேடி அலைகிறார்கள். அவர்களுக்குரிய நாற்காலியில் ஒரு சான்றிதழின் ஜெராக்ஸ் உட்கார்ந்திருக்கிறது.

மறுபடி மைசூர். இந்த ஊரில் இதைச் சொல்லும்போதுதான் வயிறு எரிகிறது. மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்த சமஸ்தானம் இது. வெள்ளம் ஏறினால் ஆள் இல்லாமல் தானே திறந்துகொள்ளும் மதகுக் கதவுகளை வடிவமைத்து, 1903-ல் புனே பக்கம் கடக்வாஸ்லாவில் பொருத்திக் காட்டிய மனிதர். அந்தத் தானியங்கிக் கதவு கண்ணம்பாடி அணைக்கும் வந்தது. அவர் பிறந்த செப்டம்பர் 15-ஐப் பொறியாளர் தினம் என்று கொண்டாடுகிறார்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் மைசூர்த் தலைப்பாகை கட்டிய அவர் படத்துக்குச் சந்தன மாலை, மைசூர் பாக். 1998-ல் பெலகாவியில் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கும் அவர் பெயர்தான். மாநிலமெங்கும் இருநூறுக்கு மேல் கல்லூரிகள் அதன் கீழே. அந்த மனிதர் புனேயில் படித்தது எல்.சி.இ. என்ற பழைய சிவில் பொறியியல் படிப்பு. முதுகலை கிடையாது. இன்றைக்கு அவரே உயிரோடு வந்து தன் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தால், 'எம்.டெக் இல்லை' என்று முதல் மேஜையிலேயே திருப்பி அனுப்புவார்கள். மாலைக்கு மட்டும் தகுதி கேட்பதில்லை.

மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இருந்தது. 1961-லிருந்து 1996 வரை. செக்கோஸ்லோவாக்கியா வடிவமைப்பில் தொடங்கி, 'யெஸ்டி' என்று சொந்தப் பெயரில் தடதடத்த இரு ஸ்ட்ரோக் வண்டிகள். உதைத்துக் கிளப்பும் நெம்புகோலையே முன்னால் மடக்கினால் கியர் நெம்புகோல் ஆகிவிடும். அப்படி ஒரு சிக்கனமான மூளை அந்த வண்டிக்குள் இருந்தது. தொழிற்சாலை மூடிப் பல வருடம் ஆகியும் இந்த ஊரின் தெருவோர மெக்கானிக்குகள் அந்த வண்டிகளை உயிரோடு வைத்திருக்கிறார்கள். கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரிசெய்யும் அவர்கள் ஒருவரிடமும் எம்.டெக் இல்லை. 2018-ல் ஜாவா மறுபடி உயிர்த்தெழுந்தபோது அதைத் தயாரிக்கும் இடம் மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூர். ஆய்வேட்டுக்கும் பட்டதாரிக்கும் குறைவே இல்லாத மைசூருக்குக் கிடைத்தது பழைய வண்டிக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம்.

தொழிற்சாலையே இல்லாத ஊரா இது? பெமல் இருக்கிறது, டிவிஎஸ் இருக்கிறது, லாரிக்கு ஆக்ஸில் செய்கிறார்கள், டயர் செய்கிறார்கள், அசோகபுரத்தில் ரயில்வே பணிமனை இருக்கிறது. ஹூட்டகள்ளிப் பக்கம் ஒரு நடை போனால் வார்ப்பில் காற்றுக்குமிழி விழுகிறது, பல்சக்கரம் சத்தம் போடுகிறது, கட்டிங் டூல் சீக்கிரம் தேய்கிறது என்று நூறு கேள்வி கிடைக்கும். அதில் ஒன்றுக்கு உருப்படியாகப் பதில் கண்டுபிடித்தாலே அது எம்.டெக். ஜெர்மனியில் முதுகலை மாணவர் தன் ஆய்வேட்டைத் தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்து எழுதுவது சாதாரண வழக்கம்; நம் பையன்கள் வீட்டை அடகு வைத்து அங்கே ஓடுவது குளிரை அனுபவிக்க இல்லை. இங்கே கல்லூரிக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் பத்து கிலோமீட்டர். அந்தப் பத்துக் கிலோமீட்டரைக் கடக்க 'புரிந்துணர்வு ஒப்பந்தம்' போடுகிறார்கள். சால்வை போர்த்துகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், கோப்பில் வைக்கிறார்கள். மதிப்பீட்டுக் குழு வரும்போது கோப்பைத் தூசு தட்டுகிறார்கள். ஒரு மாணவரும் அந்தத் தொழிற்சாலையின் கேன்டீன் காபியைக்கூடக் குடித்ததில்லை.

இந்தப் படிப்பின் நிஜமான தொழிற்சாலை இதே மைசூரின் ஹெப்பாளில் இருக்கிறது. இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம். முந்நூறு ஏக்கருக்கு மேல், ரோமாபுரித் தூண்கள், ஒரே நேரத்தில் பதினாலாயிரம் பேருக்குப் பயிற்சி தர முடியும் என்று பெருமை. நாடு முழுக்க மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிகல் என்று எதைப் படித்துவிட்டு வந்தாலும் உள்ளே போனதும் எல்லாருக்கும் ஜாவா. யாதவகிரி ஜாவா வேறு, இது வேறு. எண்பது பங்கு கோடு எழுதுதல், இருபது பங்கு பழைய பொறியியல்: பி-20 கலவை கடைசியில் பட்டதாரிகள் விஷயத்தில்தான் வெற்றி பெற்றது. அதுவாவது நிலைத்ததா? 2022-ல் வளாகத் தேர்வில் எடுத்து, இரண்டு வருடத்துக்கு மேல் வாசலில் நிற்கவைத்துச் சேர்த்துக்கொண்ட பயிற்சியாளர்களை 2025 பிப்ரவரியில் உள்தேர்வில் தேறவில்லை என்று ஒரே நாளில் வெளியே அனுப்பினார்கள். முந்நூற்றுச் சொச்சம் பேர் என்றது நிறுவனம், எழுநூறு என்றது ஐ.டி. ஊழியர் அமைப்பு. மூன்று வாய்ப்புக் கொடுத்தோம் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசுக்குக் கடிதம் எழுதியது. கடிதம் எழுதுவதில் நம் அமைச்சகங்களை மிஞ்ச முடியாது.

இதற்குள் கல்லூரி முதலாளிகள் விழித்துக்கொண்டார்கள். 2024-25 முதல் ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடத்துக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. மெக்கானிக்கல் துறை என்றால் லேத் வேண்டும், உலை வேண்டும், கிரேன் வேண்டும், எண்ணெய்க் கறை படிந்த ஒரு அண்ணா வேண்டும். கம்ப்யூட்டர் துறைக்கு ஏ.சி.யும் வை-ஃபையும் போதும், கட்டணமும் கொழுத்தது. மெக்கானிக்கல் இடங்களை ஒப்படைத்துவிட்டு, செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்று இடங்களைக் கூட்டிக்கொண்டார்கள். பழைய லேத்துகள் எடைக்குப் போயின. காலியான கூடத்தில் மேஜை போட்டு, இரும்பைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளுக்கு, தொழிற்சாலையைத் தானியங்கியாக்குவது எப்படி என்று திரையில் படம் காட்டுகிறார்கள். நாட்டுக்கு உற்பத்தி வேண்டும் என்று டில்லியில் சிங்கச் சின்னம் போட்டுக் கர்ஜிக்கிறவர்களும், உற்பத்தியைச் சொல்லிக்கொடுக்கும் கூடத்தைப் பூட்டுகிறவர்களும் வேறு வேறு ஆட்கள் என்றாவது இருக்கக் கூடாதா? கல்லூரி அறக்கட்டளைப் பட்டியலையும் வேட்பாளர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

கொள்ளேகாலத்துப் பையனுக்கு வாய்மொழித் தேர்வு பத்து நிமிடம் நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முந்திரி பக்கோடாவை முடித்துவிட்டு, "எதிர்கால ஆய்வுக்கு என்ன வாய்ப்பு?" என்று கேட்டார். "பி-30 முயற்சி செய்யலாம் சார்." "வெரி குட்." முதல் வகுப்பு, தனிச்சிறப்புடன்.

பட்டத்தை எடுத்துக்கொண்டு ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் போனான். மனிதவள அதிகாரி சுயவிவரத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "எம்.டெக்கா? எங்களுக்கு டிப்ளமோ போதும்ப்பா. நீ ஆறு மாசத்துல ஓடிருவ. இல்லைன்னா லெக்சரர் மாதிரி பேசிட்டு இருப்ப." அடுத்த தொழிற்சாலையிலும் அதே பேச்சு. மூன்றாவது இடத்துக்குப் போகும் முன்னால் பையன் சுயவிவரத்திலிருந்து எம்.டெக் வரியையும் இரண்டு 'சர்வதேச'க் கட்டுரைகளையும் அழித்தான். பி.இ. மட்டும் மிஞ்சியது. நேர்காணல் நன்றாகத்தான் போனது. கடைசியில் அந்த மேனேஜர் பேனாவை மூடியபடி கேட்டார்:

"பி.இ. முடிச்சு ரெண்டு வருஷம் கேப் இருக்கே. என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"வீட்டுல சும்மாதான் சார் இருந்தேன்."

திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள்.